பெருச்சாளிக்கான துப்பாக்கித் தொலைநோக்கித் தேர்வு: சைனிக்புரி மாடிகளை முன்வைத்து

ஆய்வுக்களம் ஹைதராபாத்தின் சைனிக்புரி. படையிலிருந்து ஓய்வுபெற்றோர் குடியேறி உருவான காலனி. ஆகவே மாமரத்தடியில் பெருச்சாளி வளை தோண்டினால் அது ஊடுருவலாகவே கொள்ளப்படும் (எதிர்வீட்டுக் கர்னல், மாலை நடை உரைகள், முதல் சுற்று).

சுடத் தூண்டும் உயிர்கள் நால்வகை. குரங்கு: பயம் நமக்குத்தான். மயில்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை, கனவிலும் கூடாது. நீலான் (நீல்காய்): 2016-இல் பிஹாரின் மொகாமாவில் அரசு அனுமதியோடு நூற்றுக்கணக்கில் சுட்டார்கள், அதற்கு ஹைதராபாத்திலிருந்து ஆள் போனது, ஆய்வுக்கு இதனால் பயனில்லை, பக்கம் நிரம்பும். எஞ்சியது பெருச்சாளி. எலிகள் அச்சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காக்கையோடும் பழந்தின்னி வௌவாலோடும் தீங்குயிர்களாக இருந்தன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணையையே தூக்கிவிட்டது. பெருச்சாளிக்கு இது பதவி உயர்வா, பணிநீக்கமா என்பது தனியொரு முனைவர் பட்டத்துக்குரியது.

இவ்விடத்தில் 'சங்க இலக்கியத்தில் எலி' என்றோர் இயல் சேர்ப்பது மரபு. சங்கப் புலவர்களிடம் தொலைநோக்கி இருந்ததென நிறுவ ஆட்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்பதால் விலகிக்கொள்கிறேன்.

துப்பாக்கி: 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம்.

தொலைநோக்கியின் நிறம்: கறுப்பு.

உருப்பெருக்கம்: இதில்தான் அறிஞர் உலகம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. 3-9x40 என்றால் மூன்று முதல் ஒன்பது மடங்கு பெருக்கம், முன்வில்லை 40 மி.மீ. இது கோழைகளுக்கு, ஆண்பிள்ளை 6-24x50 வாங்குவான் என்பது ஒரு தரப்பு (மேற்படி கர்னல், இரண்டாம் சுற்று, நாய் குரைக்கும் முன்). சோதித்துப் பார்ப்போம். 24 மடங்கில், பத்து மீட்டர் தூரத்தில், கண்ணுக்குச் சிக்கும் பரப்பு ஒரு சாண்கூடத் தேறாது. பெருச்சாளியின் மீசை மட்டும் தெரியும். பெரிய ரைஃபிள்களுக்கான தொலைநோக்கி பலவற்றை 100 கெஜத்துக்குச் சரிசெய்தே விற்கிறார்கள் என்பதால் அந்த மீசையும் கலங்கலாகத் தெரியும். அது யாருடைய மீசை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (கர்னலின் துணைவியார், மறுப்புரை, சமையலறை ஜன்னல் பதிப்பு, குக்கர் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி, கர்னல் இதைத் தம் நூற்பட்டியலில் சேர்க்க மறுக்கிறார்).

பெருச்சாளி இரவாடி. 50-ஐ 24-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 2 மி.மீ. சொச்சம். இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயதானால் சுருங்கும், அப்போதும் இரண்டுக்கு மேல்தான். அதாவது விலை கூடக் கூட இருட்டும் கூடுகிறது.

ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் சுட்டதும் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் உதைக்கும். பின்னுதைக்கு மட்டும் செய்த விலையுயர்ந்த தொலைநோக்கி இந்த முன்னுதையில் உள்ளுக்குள் கழன்றுவிடும். மேலும் அது குழலுக்கு நாலு சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருப்பதால் கண் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பார்க்கும், குழல் சுவரையே பார்க்கும். சைனிக்புரிச் சுவர்ப் பூச்சு பற்றிய தரவுகள் இதை உறுதிசெய்கின்றன (கொத்தனார், கூலிப் பேச்சு, முன்பணத்துக்குப் பிந்தைய பிரதி).

இனி அறிஞர்கள் அடிக்குறிப்பிலும் போடாத ஒரு செய்தி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ககன் நரங் ஹைதராபாத்காரர். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர். தொலைநோக்கிக்கு அங்கே தடை. வெறும் துளைவழிப் பார்வைதான். பெருச்சாளியோ வால் நீங்கலாகவே ஒரு சாணைத் தாண்டும், எடை ஒரு கிலோவைத் தொடும்.

ஆய்வு முடிவு: கம்பிக்கூண்டு, மசால்வடை. உருப்பெருக்கம் தேவையில்லை. 6-24x50 ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைக் கழற்றிக்கொண்டு காப்ரா ஏரிக்கரைக்குப் போய்ப் பறவை பார்க்கலாம். துப்பாக்கியை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவும்.