பிடிக்கவும் விடவும்

நான் சிறுவனாக இருந்தபோது பிடி போடக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் கிடையாது. கோடையில் வற்றிய காவிரி மணல்தான் பள்ளிக்கூடம். காலால் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவோம். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் நகரமாட்டான், பின்னாலிருந்து இடுப்பைக் கட்டினால் திமிற முடியாது என்பதெல்லாம் ஆடி ஆடித் தெரிந்துகொண்டவை. ஓரத்தில் நிற்கும் அண்ணன்மார் ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொல்வார்கள்: "கழுத்தப் பிடிக்காதடா. பாட்டு நின்னா விட்டுடு." பெண் பிள்ளைகள் கரையில் நின்று பார்த்தார்கள், அவ்வளவே.

இன்று சென்னையில் என் பேத்தி ஜூடோ வகுப்புக்குப் போகிறாள். 1882-இல் ஜப்பானில் கானோ ஜிகோரோ உருவாக்கிய கலை. ஆனால் அவளுக்கு இன்னும் ஆளைத் தூக்கி எறியக் கற்றுத்தரவில்லை, ஆட்டங்கள்தான். இடுப்பில் துணியை வாலாகச் செருகி, ஒருவர் வாலை மற்றவர் பிடுங்க வேண்டும். சட்டென்று இடுப்பைத் திருப்பி விலகக் கால்கள் பழகுகின்றன. ஆமை ஆட்டத்தில் ஒருத்தி கைகால்களைச் சுருக்கிக் கவிழ்ந்துகொள்வாள். இன்னொருத்தி மல்லாக்கப் புரட்ட வேண்டும். ஒரே பக்கத்துக் கையையும் காலையும் சேர்த்து மடக்கினால் எளிதில் புரட்டலாம். விழுவதற்கும் பயிற்சி உண்டு: மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயில் அறைந்து விழ வேண்டும். முதலில் குந்தியபடி, பிறகு நின்றபடி. எங்களை மணல் தாங்கியது. சிமென்ட் தரையில் வளரும் பிள்ளைக்கு இது அவசியம். பிடிபட்டவள் இரண்டு தட்டுத் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும்.

வெளியே காத்திருக்கும் பெற்றோர் கேட்பது வேறு: "போட்டி எப்போ சார்? பெல்ட் எப்போ மாறும்?" ஜூடோ பிறந்த நாடே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியை அனைத்து ஜப்பான் ஜூடோ சம்மேளனம் 2022-இல் நிறுத்தியது. வெற்றி வெறி எல்லை மீறியதே காரணம்.

பத்து வயதுக்குள் பிள்ளைக்குப் பதக்கம் வேண்டாம். தன் உடம்பை நம்புவதும், பிடியில் இருப்பவரின் வலியை உணர்ந்து விடுவதும் வந்தால் போதும். வகுப்பிலிருந்து வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். வீட்டில் ஒரு பாயை விரித்து நீங்களே ஆமையாகப் படுங்கள். உங்கள் எடையோடு மல்லுக்கட்டும்போதுதான், பலத்தைவிட இடம் பார்த்துத் தள்ளுவது பெரிது என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும்.