மூன்றாம் கட்டத்து ஆசாமி

நேரத்தை நிர்வகிப்பது பற்றி என்னிடம் யார் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். அத்தனை படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அலுவலக நேரத்தில்தான் என்பது வேறு விஷயம்.

என்னை மயக்கியது நான்கு கட்ட முறை. அவசரமானது முக்கியமாக இருக்காது, முக்கியமானது அவசரமாக இருக்காது என்று ஒரு கல்லூரித் தலைவர் சொன்னதை, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 1954-இல் ஒரு சொற்பொழிவில் எடுத்துச் சொன்னார். 1989-இல் ஸ்டீஃபன் கவி தன் புத்தகத்தில் அதையே கட்டம் போட்டுக் காட்ட, ஊரெல்லாம் பரவிவிட்டது. முக்கியமும் அவசரமுமா? உடனே செய். முக்கியம் மட்டுமா? நாள் குறி. அவசரம் மட்டுமா? அடுத்தவர் தலையில் கட்டு. இரண்டுமில்லையா? தூக்கிப் போடு.

ஸ்கேல் வைத்து, இரண்டு வண்ண மையில் நானும் கட்டம் போட்டேன். கோடு கோணாமல் வருவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

முதல் கட்டம் உடனே நிரம்பி வழிந்தது. எங்கள் பிரிவில் 'அவசரம்' என்று சீட்டு குத்தினால் யாரும் தொடுவதில்லை என்று 'மிக அவசரம்' வந்தது. அதுவும் பழகிப்போனதால் இப்போது 'மிக மிக அவசரம்' ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் தணிக்கைத் தடைக்கான பதிலை எழுதினேன். அதற்கு நாள் குறிக்க வேண்டிய அவசியமே இல்லை. வரும் கடிதங்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; நினைவூட்டு ஒன்று, இரண்டு என்று வந்து, கடைசியில் மேலதிகாரி பெயர் போட்டே நேர்முகக் கடிதம் வரும்போது, தானாகவே முதல் கட்டத்துக்குக் குடிபோய்விடும்.

இடித்தது மூன்றாம் கட்டம். யார் தலையில் கட்டுவது? மேலே பார்த்தால் கண்காணிப்பாளர். கீழே பார்த்தால் தரை. அப்போதுதான் பக்கத்து மேஜையிலிருந்து குரல்: "சார், நீங்க சும்மாத்தானே இருக்கீங்க, இந்த எக்செலைக் கொஞ்சம் முடிச்சுக் குடுத்துடுங்களேன்." பிரிவில் எல்லோருமே கட்டம் போட்டுத்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய மூன்றாம் கட்டத்தின் பெயர் நான்.

சரி, வீட்டிலாவது உருப்படுவோம் என்று தக்காளி முறைக்குத் தாவினேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980-களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடித்தது: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. வருமான வரிக் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்தேன். "என்னங்க, மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க" என்றாள் மனைவி. அதன்பின் காது குக்கரிடம், கண் கடிகாரத்திடம். காகிதத்திடம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஓய்வு விஷயத்தில் சிரில்லோவே பாராட்டும்படி நடந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் என் நான்கு கட்டத் தாள் அவள் கையில் சிக்கியது. நிதானமாகப் படித்தாள்.

"'உடனே செய்'ங்கிற கட்டத்துல ஒண்ணுக்குக்கூட டிக் இல்ல. 'தூக்கிப் போடு'ல கிரிக்கெட் ஸ்கோர், வாட்ஸாப் குட்மார்னிங் எல்லாத்துக்கும் டிக் இருக்கு."

"முறை புரியணும்னா கொஞ்சம் நாளாகும்" என்றேன்.

"புரிஞ்சுடுச்சே" என்று உள்ளே போனவள், கோதுமை டப்பாவோடு வந்தாள். "மாவு மில்லை மூடிடுவான், போயிட்டு வந்துடுங்க. அவசரம்தான், ஆனா அவ்வளவு ஒண்ணும் முக்கியமில்லை. அதான் உங்ககிட்ட குடுக்கறேன்."