1987 ஜூலைக்கு முன் பிறக்கத் தவறிய மாணவர்கள் குறித்து

பெறுநர்: மத்திய உள்துறை அமைச்சகம், புது தில்லி
பொருள்: இலங்கைத் தமிழர் முகாம் மாணவர்களின் உயர்கல்வி – பாராட்டும் கோரிக்கையும்

பிறந்த தேதியைக் கொண்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிப்பதில் சோதிடத்தையும் மிஞ்சியது குடியுரிமைச் சட்டம். மண்டபம் முகாமில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகன். அதன் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டு அவகாசம் இருந்தது. அதற்குள் பிரசவத்தை முடித்துக்கொள்ளாத தாய்மாரின் அலட்சியத்துக்கு அமைச்சகம் பொறுப்பாகாது. 1986-இல் அங்கே பிறந்த ஒருவருக்கே கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

குடியுரிமை இல்லாவிட்டாலும் பிளஸ் டூ வரை சிக்கலில்லை. பக்கத்து அரசுப் பள்ளி, அதே பாடநூல், அதே தேர்வு. மாநில அரசும் தன் பங்குக்கு 2021-இல் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் கல்வி உதவியைச் சேர்த்தது. அகில இந்திய நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தின் 'நாட்டுரிமை' கட்டத்தில்தான் கை நிற்கிறது. 'இந்தியர்' என்றால் பொய். 'வெளிநாட்டவர்' என்றால் கடவுச்சீட்டு எண் எங்கே என்ற கேள்வி. இலங்கையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை அந்நாட்டுக் கடவுச்சீட்டு வாங்க, சென்னைத் துணைத் தூதரகத்தில் முதலில் தன் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் ஆவணங்கள் வேண்டும். அவை படகில் நனைந்தனவா, வீட்டோடு எரிந்தனவா என்று எழுத விண்ணப்பத்தில் இடமில்லை.

பட்டம் வாங்கிவிட்டாலும் அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். பி.இ. முடித்தவர் பெயிண்ட் அடிக்கப் போவது முகாம்களில் புதிய செய்தியல்ல.

இவர்கள் ஆவணமற்றவர்கள் என்பதும் முழு உண்மையல்ல. முகாம் பதிவேட்டில் பெயர் உண்டு, மாநிலக் காவல்துறையின் கியூ பிரிவிடம் விவரம் உண்டு, 'செக்கிங்' நாளில் தலை எண்ணப்படுவதும் உண்டு. இவ்வளவு ஒழுங்காகக் கணக்கில் வைக்கப்பட்ட 'சட்டவிரோதக் குடியேறிகள்' வேறு எங்கும் இருப்பார்களா என்பது சந்தேகமே. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சிறுபான்மையினருக்கு வழிவிட்டது. இலங்கை விடுபட்டதற்கு, நடுவே கடல் இருப்பதால் அண்டை நாடு கண்ணில் படாமல் போனதே காரணமாயிருக்கலாம்.

அமைச்சகத்தின் 2025 செப்டம்பர் ஆணையில் முன்னேற்றம் தெரிகிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்காகத் தண்டனை இல்லை. சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்ட அமைச்சகம், கல்லூரிக்கு அனுப்பலாமா என்பதையும் பரிசீலிக்கலாம். கோரிக்கைகள் இரண்டு: விண்ணப்பத்தில் கடவுச்சீட்டு கேட்காத 'முகாமில் பதிவு பெற்றவர்' என்றொரு கட்டம், குடியுரிமை கோரும்போது 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பட்டத்திலிருந்து விலக்கு. பின்னதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியிருக்கும். முன்னதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். பிளஸ் டூ முடிவுகள் மே மாதம் வருகின்றன.