எலியைக் காணோம்

1905 டிசம்பரில் பம்பாயில் மறுபடியும் பிளேக். 1896-ல் மாண்ட்வி பக்கம் வந்திறங்கிய விருந்தாளி அது. அதற்குப்பின் வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் சளைக்காமல் செய்த ஒரு வேலை, வாராவாரம் செத்தவர்களை எண்ணி எழுதிவைத்ததுதான். அந்த முறை டிசம்பர் 17-ல் தொடங்கி ஜூலை 21 வரை எண்ணினார்கள். உச்சத்தில் வாரத்துக்குச் சுமார் 900 பேர்.

அந்தப் பட்டியல் பல வருடம் கழித்து எடின்பரோவில் இரண்டு பேர் கையில் சிக்கியது. ஒருவர் மெக்கென்ட்ரிக். நாய்க்கடி ஊசிக்குப் பேர்போன கசௌலி பாஸ்டர் நிலையத்தை நடத்திய டாக்டர். நம் ஊர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் 1920-ல் கப்பலேறியவர். மற்றவர் கெர்மாக், வேதியியல்காரர். 1924-ல் ஆய்வுக்கூட வெடிப்பில் இரு கண்ணும் போயிற்று. அதன்பிறகு சமன்பாடுகளை மனசுக்குள்ளேயே புரட்டிப் போட்டார். எனக்குப் பால் கணக்கே நோட்டு இல்லாமல் நிற்பதில்லை.

1927-ல் இருவரும் ஊரையே மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். இனிமேல் நோய் பிடிக்கக்கூடியவர்கள், பிடித்தவர்கள், முடிந்தவர்கள். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் தமாஷ். பிழைத்து எழுந்து கஞ்சி குடிப்பவரும் அதில்தான், சுடுகாடு போய்ச் சேர்ந்தவரும் அதில்தான். இருவரும் இனி யாருக்கும் ஒட்டவைக்க மாட்டார்கள். கணக்குக்கு அவ்வளவு போதும்.

இதிலிருந்து அவர்கள் கண்டுபிடித்தது உண்மையிலேயே பெரிய விஷயம். கொள்ளைநோய் ஊரில் கடைசி ஆள்வரை பிடித்துவிட்டுத்தான் போகும் என்பதில்லை. கைமாற்று கேட்டே பிழைக்கிற ஆசாமி, தெருவில் பாதிப் பேரிடம் வாங்கியதுமே மீதிப் பேரை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுகிறானே, அந்த மாதிரி. புது ஆள் கிடைப்பது ஓர் அளவுக்குக் கீழே போனால் நோய் தானே படுத்துவிடும்.

நிரூபணத்துக்குப் பம்பாய்ப் பட்டியலை எடுத்தார்கள். 890, 0.2, 3.4 என்று மூன்றே எண்கள். வளைகோடு போட்டதும் புள்ளிகள் அதன்மேல் சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. 1906-ல் முடிந்த சாவுகளுக்கு 1927-ல் கணிப்பு! பிள்ளை பிறந்தபிறகு கல்யாணப் பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து வரத்தானே செய்யும்?

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அவர்கள் கணக்கு மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிற நோய்க்கானது. பம்பாய் பிளேக்கோ எலித் தெள்ளுப்பூச்சி வழியாக வந்தது. இதைப் பம்பாய்ப் பரேல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கினிப்பன்றிக் கூண்டுகளைத் தொங்கவிட்டே காட்டியிருந்தார்கள். தரையை ஒட்டித் தொங்கியவை மாட்டிக்கொண்டன. இரண்டடி உயரத்தில் இருந்தவை தப்பித்தன. தெள்ளுப்பூச்சியால் அவ்வளவு உயரம் குதிக்க முடியாது. தவிரவும், கோடை முற்றினால் பம்பாயில் பிளேக் அடங்குவது அப்போது வருடாந்தர வழக்கம். வளைகோடு கீழே இறங்கியதில் வெயிலுக்கும் பங்கு உண்டு.

இருவருக்கும் இது தெரியாமல் இல்லை. மனிதரின் பிளேக் எலிகளின் பிளேக்கைத்தான் பிரதிபலிக்கிறது என்று கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, கணக்கைத் தொடர்ந்தார்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது நிபுணர்கள் தூசி தட்டி எடுத்ததும் இதே மூன்று கட்டங்களைத்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாக்கள் கூட 'ஆர் நாட்' பற்றி, அதாவது ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு ஒட்டவைப்பார் என்ற எண்ணைப் பற்றி, வகுப்பெடுத்தார்கள்.

மூலக் கட்டுரையில் ஆரோக்கியமானவர்களுக்கு எக்ஸ், நோயாளிகளுக்கு ஒய், முடிந்தவர்களுக்கு இஸட். எலிக்கு எழுத்து ஒதுக்கவில்லை.