பதினொரு மீட்டர் தூரமும் ஆங்கிலேயர் அவதியும்: ஓர் ஆராய்ச்சி

1990 முதல் 2012 வரை உலகக் கோப்பையிலும் யூரோவிலும் இங்கிலாந்து ஆண்கள் அணி ஏழு பெனால்டி ஷூட்அவுட் ஆடிற்று. ஆறில் தோல்வி. 1996இல் ஸ்பெயினை வென்றது மட்டும் விலக்கு; அதுவும் அடுத்த ஆட்டத்தில் ஜெர்மனியிடம் இதே முறையில் தோற்பதற்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு.

இது வெறும் லாட்டரி என்பர் ஒரு சாரார். அற்றன்று. நாணயத்தை ஏழு முறை சுண்டி, ஒன்றுக்கு மேல் தலை விழாதிருக்க வாய்ப்பு 16இல் 1. தற்செயல் என்று தள்ளவும் மனம் வராது. சாபம் என்று பூசாரியைத் தேடவும் கூச்சம்.

ஓங்கி உதைக்காததே காரணம் என்பது அடுத்த கொள்கை. 1996இல் கோட்டைவிட்ட கேரத் சவுத்கேட்டிடம் அவர் தாயாரே இப்படித்தான் கேட்டாராம். தாய்சொல்லை மறுக்கத் தயக்கம்தான். ஆயினும் 1990இல் டூரினில் கிறிஸ் வாடில் ஓங்கித்தான் உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று.

எதிரணி கோல்கீப்பரின் கைவண்ணம் என்பாரும் உளர். 2004இல் போர்ச்சுகலின் ரிக்கார்டோ கையுறைகளைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தடுத்தார். பிறகு தாமே வந்து வெற்றி கோலையும் அடித்தார். எனவே அது கைவண்ணம், கால்வண்ணம் இரண்டும் எனத் திருத்திக்கொள்க.

நம் தரப்புக்கு வருவோம். நார்வே நாட்டு கெயிர் யோர்டெட், பெரிய ஐரோப்பிய அணிகளை ஒப்பிட்டு, நடுவர் விசில் ஊதியதும் மிக அவசரமாக உதைப்பவர்கள் ஆங்கிலேயரே என்று கண்டார். (அது உண்மையான ஆய்வு. இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஏன் அவசரம்? ஊரே பார்க்கத் தனியாக நிற்பது ஆங்கிலேயருக்கு ஆகாது. கோல் விழுகிறதோ இல்லையோ, முதலில் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். இதற்கு 'வெட்கக் கோட்பாடு' எனப் பெயரிடுகிறோம்.

மருந்தும் சவுத்கேட்டே கண்டார். பயிற்சியாளராகி, நிதானமாக உதைக்கப் பழக்கினார். 2018இல் கொலம்பியா வீழ்ந்தது. 2021 இறுதியாட்டத்தில் இத்தாலியிடம் நோய் திரும்பிற்று. 2024இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக, கோல்கீப்பர் பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் எதிரணியினர் பெயரும் பாய வேண்டிய திசையும் எழுதி ஒட்டியிருந்தது. அகாஞ்சிக்கு இடப்பக்கம் என்றிருந்தது, பாய்ந்தார், தடுத்தார். கூச்சக்காரர் கையில் வாசிக்க ஏதேனும் கொடுத்தால் தெளிவார் என்பது இதனால் பெறப்படும்.

அன்று உதைத்த ஆங்கிலேயர் ஐவரும் கோல் அடித்தனரே, அவர்கள் கையில் பாட்டில் இல்லையே எனின், அது அடுத்த இயலில் ஆராயப்படும்.