கொள்ளும் கடிவாளமும்

முரட்டுக் குதிரையை அடக்க ஒரு வழி சொல்லுங்களேன்? (மதுரை)

ஜல்லிக்கட்டு ஊரிலிருந்து வேறென்ன கேள்வி வரும்! குதிரை 400 கிலோ, நீங்கள் 70 கிலோ. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டுமா? அது சம்மதித்துவிட்டுப் போனதைத்தான் நாம் 'அடக்கிவிட்டேன்' என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அந்தச் சம்மதத்தை வாங்குவதற்குப் பெயர் பழக்குதல்.

கயிற்றைப் பிடித்து இழுத்தால் என் குதிரை நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. இன்னும் பலமாக இழுக்கவா? (திருமங்கலம்)

இழுங்கள். கயிறு இழுக்கும் போட்டியில் நான்கு கால் உள்ளவர்தான் ஜெயிப்பார்.

நீங்கள் இழுக்கும்போது குதிரை எதையும் கற்பதில்லை, விடும்போதுதான் கற்கிறது. கயிற்றை லேசாக முன்பக்கம் பிடித்து அப்படியே வைத்திருங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அதற்கே அலுத்துப்போய் உடம்பின் பாரத்தை முன்னால் சாய்க்கும். இன்னும் அடி எடுத்து வைத்திருக்காது. பரவாயில்லை, அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். 'முன்னால் சாய்ந்தால் இந்தத் தொல்லை ஒழிகிறது' என்று அதற்கு விளங்கிவிடும். அடுத்த முறை அரை அடி, அதற்கடுத்து ஓர் அடி. நீங்கள் மூன்று நொடி தாமதித்துத் தளர்த்தினால், அதற்குள் அது தலையை உதறியிருக்கும். உதறியதற்குத்தான் விடுதலை என்று எழுதி வைத்துக்கொள்ளும். கடிவாளத்துக்கும் குதிகால் அழுத்தத்துக்கும் இதே கதைதான். நன்றாகச் செய்ததும் அன்றைய பாடத்தை முடித்துவிடுங்கள். சென்டம் வாங்கிய பையனை மறுபடி பரீட்சை எழுதச் சொல்வீர்களா?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கிறது, கடிவாளம் என்றால் மூடிக்கொள்கிறது. பழமொழி சரிதானே? (தேனி)

பழமொழி சரி. குதிரையிடம்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்கழி விடியலில் சில்லென்ற இரும்புக் கம்பியை வாயில் திணித்தால் நீங்கள் மட்டும் 'ஆ' காட்டுவீர்களா? முதலில் கம்பியை உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்குங்கள். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. வாயோரமாகக் கட்டைவிரலை அங்கே வைத்தால் தானாகத் திறக்கும்.

பலரும் கோட்டை விடுவது கழற்றும்போது. வெடுக்கென்று உருவினால் கம்பி முன்பல்லில் 'டங்' என்று இடிக்கும். நாளைக்கு அந்த வாய் திறக்குமா? அதுவே கம்பியைத் துப்பும்வரை பொறுங்கள். இதற்கும் மசியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். குதிரைப் பல் தேயத் தேய வெளியே தள்ளிக்கொண்டே வரும். தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஓரம் கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருடத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்து அரம் போட்டு ராவிவிடுவது நல்லது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறேன். எந்தச் சுழி ராசி? (கோபி)

இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்றார்கள். எனக்குத் தெரிந்த இரட்டைச் சுழிக்காரருக்கு ஒரு பெண் பார்க்கவே மூன்று புரோக்கர் தேவைப்பட்டார்கள்.

சுழி உங்கள் வீட்டுக்கு ஆகுமா என்பது உங்கள் நம்பிக்கை. கால் வேலைக்கு ஆகுமா என்பதை நான் சொல்கிறேன். கெட்டித் தரையில் நேராக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மணலில் நொண்டல் ஒளிந்துகொள்ளும். குதிரையின் தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். அடுத்து நான்கு குளம்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள். வயதுக்குப் பல். ஐந்து வயதில் நிரந்தரப் பற்கள் வந்து முடியும். பத்தைத் தாண்டினால் பல் சொல்வதெல்லாம் உத்தேசம். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கிற குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம்.

தினமும் எத்தனை கிலோ கொள்ளு போடலாம்? (சேலம்)

குதிரைக்குச் சாப்பாடு புல், கொள்ளு தொட்டுக்கொள்ளத்தான். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த தீவனம் என்பது கணக்கு. 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 8 கிலோ. அதை ஒரே வேளையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான். விட்டால் நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கும், டிவி முன்னால் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்த நம்மைப்போல. கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ, செய்கிற வேலைக்குத் தக்கபடி கொடுங்கள். தண்ணீர் 25 முதல் 45 லிட்டர். நம் வெயிலில் அதற்கு மேலும் கேட்கும். தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு கலந்து கலந்து மாற்றுங்கள்.

மிஞ்சிய சோற்றைக் குதிரைக்குப் போடலாமா? (காயல்பட்டினம்)

உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! 13ஆம் நூற்றாண்டில் பாண்டியருக்கான அரபு, பாரசீகக் குதிரைகள் வந்து இறங்கிய காயல் துறைமுகம் உங்கள் பக்கத்தில்தானே இருந்தது! மன்னர் வருடத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார், வருடக் கடைசியில் 100கூட மிஞ்சவில்லை என்று மார்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம். லாடம் அடிக்கத் தெரிந்தவரும் இல்லையாம். குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்டவரைக் கூட்டி வரவில்லை; வர நினைத்தவரையும் விடவில்லை என்கிறார். பழையது சாகச் சாகத்தானே புதியது விற்கும்! பயணிகள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். பாதி உண்மையென்றாலும் உங்கள் கேள்விக்கு அது போதும். சோறு வேண்டாம்.

மாட்டுப் பொங்கலன்று ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல்? (தஞ்சாவூர்)

மாட்டுக்கே அளவோடு கொடுங்கள். குதிரைக்கு வேண்டவே வேண்டாம். மாவும் இனிப்பும் திடீரென்று குடலுக்குள் போனால், இரண்டொரு நாளில் குளம்புக்குள் இருக்கும் சதை வீங்கும். குளம்போ பெட்டிபோல, விரிந்து கொடுக்காது. முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்தபடி குதிரை நகர மறுக்கும். முற்றினால் உள்ளே எலும்பே இடம் பெயர்ந்துவிடும். வாய் செய்த தப்புக்குக் கால் தண்டனை அனுபவிக்கும்.

என் குதிரை அடிக்கடி புரள்கிறது. விளையாட்டா, வலியா? (உடுமலை)

புரண்டு எழுந்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கித் தூசியைத் தட்டிவிட்டு மேயப் போனால் விளையாட்டு. படுக்கிறது, எழுகிறது, மறுபடி படுக்கிறது, முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது, வியர்க்கிறது, சாணம் போடவில்லை என்றால் வயிற்றுவலி.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாக மட்டுமே வெளியே வர வேண்டும். நடுவில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவருக்குப் போன் போடுங்கள். அவர் வருவதற்குள் கீழ்த்தாடையின் உள்பக்கம் விரலை வைத்து நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் அதைப் போனிலேயே சொல்லுங்கள். பாட்டில் பாட்டிலாக விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் மருத்துவருக்கு இரண்டு நோய்.

குதிரை நின்றுகொண்டே தூங்குமாமே? (சிவகாசி)

தூங்கும். கால் மூட்டைப் பூட்டிக்கொள்ள அதன் உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். படுக்க இடமில்லாத லாயத்தில் கட்டினால், நின்றபடி ஒருநாள் முட்டி மடங்கிச் சரியும்.

குதிரை கோபமாக இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? (விழுப்புரம்)

காது பின்னால் படிந்து ஒட்டிக்கொண்டால் நீங்கள் பின்வாங்குங்கள். அதற்காக அதன் பின்னால் போய் நிற்காதீர்கள்.

லாரிக்கு அசையாத குதிரை, பறக்கிற பாலித்தீன் பைக்கு மிரள்கிறதே? (கரூர்)

லாரி தினமும் வருகிறது, தன் பாதையில் போகிறது. பை எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. புலிக்குத் தப்பிப் பிழைத்த வம்சம். முதலில் ஓடும், பிறகு யோசிக்கும்.

ஒரு கழியில் பையைக் கட்டிக்கொண்டு, குதிரை சும்மா பார்க்கிற தூரத்தில் நில்லுங்கள். தலையைத் தாழ்த்தி வாயை மெல்ல ஆரம்பித்தால் பையோடு விலகிப் போங்கள். திரும்ப வாருங்கள், ஒரு முழம் கிட்டே. பயந்து ஓடும்போது பையை எடுத்தால் ஓட்டத்தைப் பழக்குகிறீர்கள். அமைதியானபோது எடுத்தால் அமைதியைப் பழக்குகிறீர்கள். திருமங்கலத்துக்காரருக்குச் சொன்னதேதான்.

இடது பக்கமாகவே ஏற வேண்டும் என்பது சாஸ்திரமா? (கும்பகோணம்)

வாள்! வலக்கைக்காரர் வாளை இடுப்பின் இடப்பக்கம் தொங்கவிட்டார். வலப்பக்கமாக ஏறினால் வாள் தடுக்கும். வாள் போய்விட்டது, வழக்கம் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஏறப் பழக்குங்கள். ஒரு முக்காலி போட்டு ஏறினால் குதிரையின் முதுகு உங்களை வாழ்த்தும்.

லாடம் அடிக்கும்போது வலிக்காதா? (நாமக்கல்)

நகம் வெட்டினால் வலிக்கிறதா? குளம்பின் வெளிச்சுவர் அதே ஜாதி. ஆணி கொஞ்சம் உள்ளே போனால்தான் வலி, அதனால்தான் கைதேர்ந்தவர் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்ததைச் செதுக்கி, மறுபடி அடிக்க வேண்டும். தார் ரோட்டில் ஓடாத குதிரைக்கு லாடமே தேவைப்படாமலும் இருக்கலாம். செதுக்குவது மட்டும் கட்டாயம். தினசரி வேலை உங்களுடையது. குளம்பைத் தூக்கிக் கொக்கியால் குதிகால் பக்கமிருந்து நுனி நோக்கிச் சுரண்டுங்கள். நடுவில் முக்கோணமாக ரப்பர் போன்ற சதை இருக்கும். மழைக்காலத்தில் அதிலிருந்து அழுகல் வாடை வந்தால் தரை ஈரம் என்று அர்த்தம். மருந்துக்கு முன்னால் தரையைக் காய வையுங்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகக் கசக்கிறது. குதிரைக்கும் அப்படி உண்டா? (சென்னை)

நோயே உண்டு, பெயரே திங்கட்கிழமை நோய்! அந்தக் கால வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு. தானியம் மட்டும் வழக்கம்போல. திங்கள் காலை வண்டியில் பூட்டினால் சற்று நேரத்தில் பின்புறத் தசை கட்டையாக இறுகி நின்றுவிடும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அப்படியானால் ஓர் அடிகூட நடத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வராமலிருக்க, ஓய்வு நாளில் தானியத்தைக் குறையுங்கள். உங்களுக்கும் ஞாயிறு பிரியாணியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

குதிரை நம் மனசைப் படிக்குமா? (புதுச்சேரி)

மனசைப் படிக்காது, உடம்பைப் படிக்கும். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை, கணக்குப் போட்டு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டிப் பெரும்பேர் வாங்கியது. 1907இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற உளவியலாளர் குட்டை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை, அவரே அறியாமல், இம்மியளவு நிமிர்ந்தது. ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியது. சேணத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு "பயப்படாதே ராஜா" என்று சொல்கிறீர்களே, ராஜா எதை நம்பும்?

குதிரைப் பயிற்சிக்குப் பழைய நூல் எது? (திருச்சி)

சுமார் 3,400 வருடங்களுக்கு முன், மித்தானி நாட்டுக் கிக்குலி என்ற பயிற்சியாளர் சொன்னது களிமண் பலகைகளில் இருக்கிறது. இன்றைய துருக்கியில் கிடைத்தவை. அதில் சுற்றுகளை எண்ணும் சொற்களில் 'ஐக', 'பஞ்ச', 'சத்த' என்று வருகிறது. ஒன்று, ஐந்து, ஏழு. காதில் விழுந்த மாதிரி இருக்கிறதா? இன்று எவ்வளவு ஓட்டம், எப்போது குளியல், எவ்வளவு தீவனம் என்று நாள்வாரியாகப் போகிறது. குறுக்குவழி அன்றைக்கும் இல்லை.

மெரினாவில் குழந்தையைக் குதிரையில் ஏற்றலாமா? (தாம்பரம்)

முதலில் சேணத்தின் ஓரத்தைப் பாருங்கள். கீழே புண் தெரிந்தால் காசை வேறு குதிரைக்குக் கொடுங்கள். வயிற்றுப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். குழந்தைக்கு ஹெல்மெட். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும், குதிகால் தாழ்ந்து இருக்கட்டும். முழுப் பாதமும் உள்ளே போனால், விழும்போது கால் சிக்கிக்கொள்ளும். செல்ஃபி கடைசியில்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களைக் குதிரை தள்ளியதுண்டா? (ஊட்டி)

தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்களே, அந்த அளவுக்கு. சாதுவான பெட்டைக் குதிரை. ஒருநாள் ஏறி உட்கார்ந்ததும் துள்ளிப் போட்டது. எழுந்து மறுபடி ஏறினேன், மறுபடி மண். மூன்றாவது முறை சாட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். லாயத்துப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பட்டையை அவிழ்த்து, சேணத்தை இறக்கி, அடியில் விரிக்கும் துணியைத் திருப்பிக் காட்டினார். நடுவில் காய்ந்த நெருஞ்சி முள் ஒன்று. முந்தின நாள் அந்தத் துணியைப் புல்தரையில் உலரப் போட்டது நான்தான்.

சாட்டையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். ஏறுமுன் அந்தத் துணியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பது இன்றைக்கும் விடவில்லை.