தொடைத் தாளம்: மார்கழி அரங்கில் ஒரு கள ஆய்வு

பாடகரின் தொண்டையைப் பற்றியும் மிருதங்கக்காரரின் விரலைப் பற்றியும் அறிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். ரசிகரின் தொடையைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. மார்கழியில் சென்னைச் சபா ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். மேடையில் ஒரே ஒரு மிருதங்கம் அடி வாங்கும்; கீழே இருநூறு தொடைகள் அடி வாங்கும். மிருதங்கத்தையாவது வாசித்து முடித்ததும் உறை போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். தொடையை யார் கவனித்தார்கள்? இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் ஆய்வு முறை. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் வட்டாரச் சபாக்களின் கடைசி வரிசைகளே களம். பின்னாலிருந்து பார்த்தால் கை தெரியாது, முழங்கைதான் தெரியும். முழங்கையை வைத்துக் கையை ஊகிப்பது, ஓட்டை வைத்துப் பானையை ஊகிக்கும் தொல்லியலாரின் முறை. அதற்குரிய மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும். டிக்கெட் விலை என்பது துணைக் காரணம். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்குக் காசே கிடையாது என்பதால் தரவுகளில் பெரும்பகுதி மதியத்தில் திரட்டப்பட்டது. ஆய்வாளருக்குத் தாளம் நிற்காது. சிறு வயதில் ஒரு பாட்டு வாத்தியார் மூன்று மாதம் முயன்றுவிட்டு, நான்காம் மாதம் சம்பளமே வேண்டாம் என்று போய்விட்டார். இதை ஆய்வின் பலமாகவே கொள்ள வேண்டும். தாளம் தெரிந்தவர் தானும் போட ஆரம்பித்துவிடுவார். குறிப்பெடுக்கக் கை மிஞ்சாது.

இனி வரலாறு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது அதை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் அரசியலின் பக்கத்து இருக்கையில் பிறந்த குழந்தை. அதனால்தானோ என்னவோ, இன்றும் பக்கத்து இருக்கைதான் அதன் பெரும் பிரச்சினை. கோயில் மண்டபத்தில் சம்மணமிட்டுக் கேட்டவருக்கு இருபுறமும் இடம் இருந்தது. சபா வந்தது, நாற்காலி வந்தது, ஒரு கைப்பிடிக்கு இரண்டு உரிமையாளர்கள் வந்தார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வேறு, விறுவிறுப்பான மத்யம காலத்தில் உருப்படிகளை அடுக்கி இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்துவிட்டுப் போனார். சும்மா இருந்த கையும் கிளம்பிவிட்டது.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல்; இது லகு. அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று இரண்டு துருதம். இதில் கூர்ந்து நோக்க வேண்டியது ஆள்காட்டி விரல். ஆதி தாளத்தில் அதற்கு வேலையே இல்லை. கண்ட ஜாதி போன்ற நீண்ட லகு வந்தால்தான் அதைக் கூப்பிடுவார்கள். மற்ற நேரத்தில் அது பக்கத்திலிருப்பவரின் தப்பைச் சுட்டிக்காட்டும் வேலைக்குப் போய்விடுகிறது. வேலையில்லாத் திண்டாட்டத்தின் சமூக விளைவுகளில் இதையும் சேர்க்கலாம்.

வீச்சுதான் சட்டச் சிக்கல். தட்டு அவரவர் தொடைக்குள் முடிந்துவிடும். வீச்சில் உள்ளங்கை மல்லாந்து வெளியே போகும். போகிற இடம் அடுத்தவர் எல்லை. ஒரு மதியக் கச்சேரியில் வலப்புறத்துப் பெரியவரின் வீச்சு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, இரண்டு முறை என் நோட்டுப் புத்தகத்தில் வந்து விழுந்தது. இடப்புறத்து மாமி கைப்பையின் மேல் நகத்தால் மட்டும், யாருக்கும் தொந்தரவில்லாமல் போட்டுக்கொண்டிருந்தார். அவரே பிறகு என் பக்கம் சாய்ந்து, “தப்பா நினைச்சுக்காதீங்கோ, நீங்க பேனாவால போடறேளே, அது என்ன தாளம்?” என்று கேட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். சாஸ்திரம் தாளக் கிரியைகளைச் சத்தமுள்ளது, சத்தமில்லாதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. பக்கத்திலிருப்பவர் காதில் மட்டும் விழுவது என்று மூன்றாவதையும் சேர்க்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

நாட்டியத்தில் இந்த நோய் குறைவு. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில், கேரளக் கூத்தம்பலத்தின் சாயலில் எழுந்த அந்த அரங்கில் ராமாயண நாட்டிய நாடகம் பார்த்தபோது ஒரு முழங்கைகூட அசையக் காணோம். கண்ணுக்கு வேலை வந்தால் கை ஓய்ந்துவிடுகிறது. மேலும் நட்டுவனார் தாளத்தைக் கையில் பிடித்து அடித்துக்கொண்டிருக்கும்போது நாம் எதற்கு? திருவையாற்றில் நிலைமை வேறு: தியாகராஜர் ஆராதனையின்போது பாடும் பஞ்சரத்தினங்கள் ஐந்தும் ஆதி தாளம். எல்லாரும் சேர்ந்தே பாடுவதால் தப்பினாலும் தெரியாது. அங்கே ஆய்வாளருக்குச் சோறு கிடைக்கும், தரவு கிடைக்காது.

தப்பியவர்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். தாளம் விட்டுப்போனவர் உடனே கையை நிறுத்த மாட்டார், நிறுத்தினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வார், சால்வையை இழுத்துவிட்டுக்கொள்வார், போன வேகத்தில் கை திரும்பி வந்து எங்கோ ஒரு தட்டில் சேர்ந்துகொள்ளும். பாடகரின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்வது கண்ணியமான வழி. நடுவில் மைக் மறைத்தால் முன்வரிசைக்காரரின் தோளைப் பார்ப்பார்கள். அந்தத் தோள் அதற்கு முந்தைய தோளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தப்பினாலும் பிடிபடாத இடங்கள் சில உண்டு. இரண்டு களை ஆதியில் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரட்டித்து, பதினாறாகப் போட வேண்டும். அதை ஒரு களையாகவே எண்ணுகிறவர் ஒவ்வொரு சமத்திலும், அதாவது சுற்றின் முதல் தட்டிலும், சரியாக வந்து நிற்பார். நடுவில் தமக்கென்று ஒரு சமத்தைத் தனியாகக் கொண்டாடியிருப்பார், அவ்வளவே. சிம்மநந்தனம் என்று ஒரு தாளம், ஓர் ஆவர்த்தனத்துக்கு 128 அட்சரம். மகா வைத்தியநாத ஐயர் அதில் கானடா ராகத் தில்லானா ஒன்று செய்திருக்கிறார். சமம் வருவதற்குள் தப்பியவர் கேன்டீன் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு ஒரு மாலைக் கச்சேரியில் நிகழ்ந்தது. பிரதான உருப்படி மிச்ர சாபு: மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை, சம எடுப்பு. எனக்கு அடுத்த இருக்கையில் அங்கவஸ்திரத்துடன் அமர்ந்திருந்தவர் மட்டும் ஆதி போட்டார். தட்டு, விரல், வீச்சு, எல்லாம் அட்சர சுத்தம்; எட்டு. அரங்கம் ஏழில் போக, இவர் ஒருவர் எட்டில் போனார். பாடகர் சமத்துக்கு வரும்போது இவர் கை ஒருமுறை சுண்டுவிரலில் இருக்கும், இன்னொரு முறை வீச்சில் இருக்கும். முகத்தில் துளிச் சலனம் கிடையாது. தலையை அசைத்தபடி “ஆஹா” சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். ஏழும் எட்டும் 56இல் சந்திக்கின்றன. சாபுவில் எட்டு ஆவர்த்தனம், ஆதியில் ஏழு. அந்த ஒரு தட்டில் அவரும் பாடகரும் மிருதங்கமும் ஒன்று. கோடுகளும் அதையே சொல்லின. அந்தத் தட்டு விழும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து இருபுறமும் ஒரு பார்வை பார்ப்பார். நடுவிலிருந்த 55 எண்ணிக்கையும் மற்றவர்கள் செய்த தப்பு என்ற பார்வை.

தனி ஆவர்த்தனம் தொடங்கியது. வழக்கம்போல் பாதி வரிசை எழுந்து கேன்டீனுக்குப் போயிற்று. பாடகரும் வயலின்காரரும் மிருதங்கத்துக்குத் தாளம் போட்டார்கள். திஸ்ர நடை வந்தது, மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், மோராவும் ஆயிற்று. அடுத்த இருக்கையில் ஆதி அசையாமல் நடந்தது. இருபது நிமிடம் எட்டு விடாமல் போடுவது சாதாரணக் காரியமல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பிறகு மூன்று முறை வாசித்து முடிக்கும் கோர்வை. ஒருமுறை முடிந்தது, அவர் மோதிர விரலில் இருந்தார். இரண்டாம் முறை, வீச்சில். மூன்றாம் முறை முடிந்து சமத்தில் இறங்கியபோது இருநூறு கைகளும் ஒன்றாக விழுந்தன. அவர் கையும் விழுந்தது. நோட்டைப் பார்த்தேன், ஐம்பத்தாறாவது கோடு.

அரங்கம் கைதட்டியது. அவர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் நோட்டை ஒரு கண்ணால் பார்த்தபடி சொன்னார்:

“எண்ணிண்டே இருக்கேளே சார், கணக்குன்னா தானா வந்து நிக்கணும்.”